இரண்டு மணி வெயிலில் இரண்டு வண்டி

சீனியப்பனுக்கு வயது ஐம்பத்திரண்டு. டிராக்டர் தொழிலில் அவருக்குக் குரு பட்டறைக்கார ஸ்டெல்லா, வயது முப்பத்தொன்று. சிரிக்கிறவன் சிரிக்கட்டும், அவருக்கென்ன.

மகளிர் குழு ஒரு சின்ன டிராக்டர் வாங்கப்போகிறது. ஓட்டப்போவது அவர். எந்த வண்டி என்று சொல்ல வேண்டியதும் அவர். ஆனால் இடது முழங்கால் வீங்கிக் கிடந்தது. இந்த ஆளால் முடியாது என்று தெரிந்தால் வேலைக்கு வேறு ஆள் வந்துவிடுவான்.

"மேஸ்திரி, கியர் வண்டியா? கிளட்சே இல்லாம எண்ணெய் அழுத்தத்துல ஓடுற வண்டியா?" என்று ஸ்டெல்லாவிடம் கேட்டார்.

"ரெண்டு மணிக்குப் புஞ்சைக்கு வாங்க அண்ணாச்சி."

"மண்டையப் பொளக்குற வெயிலு!"

"உழவு மட்டும் மார்கழிக் குளிர்லயா நடக்கு?"

விற்பனைக்காரன் இரண்டு வண்டிகளையும் கொண்டுவந்து நிறுத்தினான். கரிசல் இறுகிக் கிடந்தது. சீனியப்பன் நொண்டி வந்ததை அவன் கவனித்துவிட்டான்.

"பெரியவரே, உங்க காலுக்கு எண்ணெய் வண்டிதான். வலது கால்ல ஒரே பெடல். மிதிச்சாப் போகும், விட்டா நிக்கும்."

எண்ணெய் வண்டியில் ஐந்து கொத்துக் கலப்பையைப் பூட்டினார்கள். ஓட்டிய சீனியப்பனுக்கு முதல் அரைமணி நேரம் சுகமோ சுகம். அப்புறம் பெடலை அடிவரை மிதித்தும் வண்டி நத்தையாக ஊர்ந்தது. கீழே எண்ணெய்ப் பெட்டி கொதித்தது. விற்பனைக்காரன் ஓடிவந்து அதன்மேல் ஈரச்சாக்கைப் போட்டான். சாக்கு ஆவி விட்டது.

"புல்லு வெட்ட இது ராஜா," என்றாள் ஸ்டெல்லா. "சித்திரை முழுக்க உழவு இருக்கு. எத்தன சாக்கு வச்சிருக்க தம்பி?"

சீனியப்பன் கியர் வண்டியில் ஏறினார். ஐந்தாவது சால் வந்தும் வண்டி சளைக்கவில்லை. அவர்தான் சளைத்தார். முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. முகத்தைப் பார்த்தே விற்பனைக்காரன் வரப்பிலிருந்து கத்தினான்.

"நான்தான் அப்பவே சொன்னேன்ல! எறங்குங்க பெரியவரே!"

"யாருடா பெரியவரு? காலு இத்துப்போனாலும் எறங்க மாட்டேன், போடா!"

ஓடுகிற வண்டியோடு ஸ்டெல்லா கூடவே நடந்தாள்.

"எறங்க வேணாம் அண்ணாச்சி. இந்தச் சால்ல எத்தன தடவ கியர் மாத்துனீங்க?"

"எங்க மாத்துனேன்? ரெண்டாவதுலயேதான் வாரேன்."

"பெறகு அந்தக் காலுக்குக் கிளட்ச் மேல என்ன வேல?"

சீனியப்பன் குனிந்து பார்த்தார். கிளட்ச் மேலேயே ஊன்றியிருந்த இடது காலை மெல்ல எடுத்துக் கால்பலகையில் வைத்தார். வண்டி போய்க்கொண்டே இருந்தது.