சிறுத்தைக்கு விசிலடித்த காடு

கைதட்டலுக்குப் பேர்போன ஒரு காட்டில், பெண்மயில் ஒன்று புதரடியில் முட்டையிட்டு அடைகாத்து வந்தது. ஒருநாள் இரை தேடிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், கூட்டில் உடைந்த ஓடுகள்தான் கிடந்தன.

மயிலுக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. கூட்டையே சுற்றிச் சுற்றி வந்தது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. திருட்டு நடந்த இடத்தை யாரும் மிதிக்கக் கூடாது. யானை வந்து மண்ணில் தடம் பார்க்கும். சந்தேகத்துக்கு ஆளானவனையும் கூப்பிட்டுக் கேட்கும். அதற்குப் பிறகுதான் தண்டனை. சிக்கல் என்னவென்றால், யானை மெதுவாகத்தான் வரும்.

"யானை வருவதற்குள் உன் பேத்தியே முட்டையிட்டுவிடும், மயிலக்கா," என்று சிரித்தது நரி. "முட்டை தின்கிறவன் யார்? உடும்பு! இதற்கெல்லாம் எதற்கு விசாரணை? நம் சிறுத்தையண்ணனைக் கூப்பிடு!"

சிறுத்தை என்றதுமே குரங்குகள் கிளைகளை உலுக்கி விசிலடித்தன. மயிலுக்கும் உடம்பு சிலிர்த்தது. ஆனாலும் கூட்டருகே புழுதியில் பதிந்திருந்த தடங்கள் அதன் கண்ணை உறுத்தின. உடும்பு நடந்தால் கால் தடங்களுக்கு நடுவே வால் இழுத்த கோடு விழும். இங்கே கோட்டையே காணோமே!

சொல்லலாம் என்று மயில் வாயைத் திறப்பதற்குள் பாறைமேலிருந்து சிறுத்தை குதித்தது. சும்மா குதிக்கவில்லை. புழுதி பறக்க ஒரு சுற்றுச் சுழன்று, அது அடங்கும் வரை காத்திருந்து, மெல்லத் தலையைத் தூக்கியது. தடங்களெல்லாம் அழிந்துபோயின.

"நான் விசாரிக்க வருவதில்லை. முடித்துவைக்க வருகிறேன்!"

"தலைவா!" என்று காடே அலறியது.

உடும்பை இழுத்து வந்தார்கள். "இன்று காலை முழுக்க நான் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தேன், ஐயா. வேண்டுமானால் ஆமையைக் கேட்டு..." அது பேசி முடிக்கவில்லை. ஒரே அறை!

மயிலும் சிறகடித்து ஆர்ப்பரித்தது. அந்தக் கணம் அதன் மனம் குளிர்ந்தது நிஜம். அந்தக் குளிர்ச்சி சாயங்காலம் வரைகூடத் தாங்கவில்லை. வால்கோடு எங்கே, வால்கோடு எங்கே என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது. பொறுக்க முடியாமல் ஆமையிடம் ஓடியது.

"ஆமாம், உடும்பு என்னோடுதான் இருந்தது," என்றது ஆமை.

"அப்போதே சொல்வதற்கென்ன?"

"யார் கேட்டீர்கள்?"

சில நாளில் காட்டுக்கோழியின் முட்டைகளும் காணாமல் போயின. நரி இந்த முறை கீரியைக் கைகாட்டியது. சிறுத்தை பாறைமேல் ஏறி நின்றது. கீரி புதர்ப்பக்கமாகப் பின்வாங்கியது.

மயில் ஓடிவந்து தடங்களை மறைத்து நின்றது. "இங்கே யாரும் குதிக்கக் கூடாது! இவ்வளவு பெரிய கால் கீரிக்கு ஏது? யானை வந்து பார்க்கட்டும்."

நரி தன் கால்களைப் புல்லுக்குள் இழுத்துக்கொண்டது.

"தள்ளு மயிலே, மறைக்குது!" என்று கத்தின குரங்குகள்.

"அன்றைக்குச் சிறகடித்துக் கூத்தாடினாயே, இன்றைக்கு என்ன நியாயம் வேண்டிக் கிடக்கிறது?" என்றது நரி.

"ஆடினேன். ஒன்றும் செய்யாத உடும்பு செத்துப்போனது. இன்னொரு முறை ஆடமாட்டேன்."

சிறுத்தை இறங்கி வந்து மயிலை ஏற இறங்கப் பார்த்தது. "திருடனுக்குப் பரிந்து பேசுகிறவளும் திருடிதான்!"

விசில் காதைப் பிளந்தது. எல்லார் கண்ணும் மயில்மேல் இருந்த நேரத்தில் கீரி புதருக்குள் பாய்ந்து தப்பியது.

"பார்த்தீர்களா? கூட்டாளியைத் தப்ப விட்டுவிட்டாள்!" என்று கூவியது நரி.

சிறுத்தை காலை ஓங்கியது. மயில் கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தது. 'பொறு' என்று யாராவது ஒருவர் சொன்னால் போதும். முட்டையைப் பறிகொடுத்த காட்டுக்கோழிகூடத் தலையைக் குனிந்துகொண்டது.

"நான் சொல்வதைக் கேட்டுவிட்டு அடி!" என்றது மயில்.

விசில் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. ஓங்கிய கால் இறங்கியது.

நீதி: கேட்காமல் அடிப்பவனுக்குக் கைதட்டினால், நம் முறை வரும்போது நம்மையும் யாரும் கேட்கமாட்டார்கள்.