அடுப்பில்லா விருந்து

சமையற்கட்டை எட்டிக்கூடப் பார்க்காத மிராசுதார் நல்லசிவத்துக்குப் பச்சையாகவே சாப்பிடும் பித்துப் பிடித்தது. விறகு மிச்சமாம்! சமையல்காரி செங்கமலத்திடம் ஒரு படி பாசிப்பயறு அளந்து கொடுத்தார்.

"அடுப்பு மூட்டாதே. நாளன்னிக்கு விருந்துக்கு இதுவே ரெண்டு படியாகணும். ஆகலேன்னா வேலையை விட்டுக் கிளம்பு!"

"ஆகட்டுங்க ஐயா."

செங்கமலம் பயறை ஊறவைத்து, ஈரத்துணியில் இறுக்கிக் கட்டிவைத்தாள். விருந்தன்று அளந்தால் இரண்டு படியும் நிரம்பி வழிந்தது.

மிராசுதார் ஆத்திரத்தில் குதித்தார். "என் குதிர்லேருந்து திருடிக் கலந்துட்டா!"

செங்கமலம் முளைவிட்ட பயறொன்றை எடுத்து எல்லாருக்கும் காட்டினாள்.

"இதுக்கு வால் இருக்குங்க. ஐயா குதிர்ல வால் வச்ச பயறு ஒண்ணு காட்டுங்க, நான் திருடிதான்!"

விருந்தாளிகளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. மிராசுதார் வாயைத் திறந்தார். திறந்த வாயில் ஒரு பிடி பயறைப் போட்டு மென்றார்.

"இன்னும் கொஞ்சம் வைக்கட்டுங்களா?" என்றாள் செங்கமலம்.