பிடிவாரண்டுக்கு ஒரு சட்டை

ஆடு திருடியதாகச் சுருளியின்மேல் ஒரு பிடிவாரண்டு இருந்தது. போலீஸ்காரர்கள் அதை வருஷா வருஷம் ‘ஆள் தலைமறைவு’ என்று எழுதிக் கோர்ட்டுக்குத் திருப்பி அனுப்புவார்கள். இப்படியே பதினோரு வருஷம் ஓடிவிட்டது.

புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் தனுஷ்கோடிக்குப் பழைய வாரண்டு என்றாலே ஆகாது. சுருளியின் பெண்டாட்டி மூக்காயியை இழுத்துவந்து மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தினார்.

“புருஷனை இவதான் ஒளிச்சு வச்சிருக்கா ஐயா. ஒரு வாரத்துல ஆளைக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க, இல்லேன்னா இவளை உள்ளே போடுங்க.”

“கூட்டிட்டு வரேன் சாமி,” என்றாள் மூக்காயி. “ஆனா அவருக்கு உடுத்தத் துணி வேணும்ல? சட்டை, வேட்டியெல்லாம் ஸ்டேஷன்ல இருந்துச்சு. இந்நேரம் தொலைச்சிருப்பாங்க.”

கோர்ட்டில் யாரோ சிரித்துவிட்டார்கள். இன்ஸ்பெக்டருக்குச் சுருக்கென்றது.

“என் ஸ்டேஷன்ல ஒரு பொத்தான்கூடத் தொலையாது!” என்று சீறி, அந்த ஸ்டேஷனிலேயே பழம் தின்று கொட்டை போட்ட ஏட்டை எடுத்துவர விரட்டினார்.

ஒரு மணி நேரத்தில் தூசி படிந்த பொட்டலம் வந்தது. கோடு போட்ட சட்டை, வேட்டி, அறுத்தெடுத்த அரைஞாண் கயிறு. அதில் கட்டியிருந்த சீட்டை மாஜிஸ்திரேட் வாய்விட்டுப் படித்தார்: “லாக்கப்பில் அடைக்கும் முன் கைதி சுருளியிடம் எடுத்தவை.” தேதி பதினோரு வருஷத்துக்கு முந்தையது. திருப்பி வாங்கியதற்குக் கையெழுத்துப் போடும் இடம் காலியாக இருந்தது.

“பிடிச்சு அடைச்ச ஆளை எப்ப வெளியே விட்டீங்க?”

இன்ஸ்பெக்டர் ஏட்டைப் பார்த்தார். ஏட்டு தரையைப் பார்த்தார்.

மூக்காயி சட்டையை எடுத்துத் தூசி போக உதறினாள்.

“சொன்னபடி கூட்டிட்டு வரேன் சாமி. எந்த எடத்துல தோண்டணும்னு மட்டும் இவங்களைச் சொல்லச் சொல்லுங்க.”