தோரெபார்தா இறக்கம்

செண்பகவல்லிக்கு மேடு ஏறப் பயமில்லை. இறங்கத்தான் பயம்.

மதுரையில் அவள் மயக்க மருந்து டாக்டர். ஆபரேஷன் மேசையில் படுத்திருப்பவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு "பயப்படாதீங்க" என்று சொல்வது அவளுக்கு அன்றாட வேலை. இரண்டு வருடத்துக்கு முன்னால் சிறுமலை வளைவு ஒன்றில், மணலில் சைக்கிள் சறுக்கி விழுந்து காறை எலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது. சைக்கிளும் சரியாகிவிட்டது. ஆனால் அன்றிலிருந்து எந்த இறக்கத்தைப் பார்த்தாலும் தொண்டை வறண்டுபோகும். கைகள் தானாக பிரேக்கை இறுக்கும். கீழே இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டே நடப்பாள்.

சைக்கிளில் அவளுடைய குரு பிரிட்டோ. தூத்துக்குடிக்காரர், அவளுக்குக் கடைசித் தம்பி வயது. ஸ்பெயினில் பெண்ணெடுத்து அங்கேயே தங்கிவிட்டவர். அரகான் பக்கத்துச் சரளைப் பாதைகளில் ஆட்களை சைக்கிளில் கூட்டிக்கொண்டு போவதுதான் தொழில். ஒரு வருடமாக போனிலேயே அவளுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்துவிட்டு, ஒருநாள், இங்கே வந்து ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள் என்று கூப்பிட்டார். அவர் அவளை அக்கா என்பார். அவள் அவரை மாஸ்டர் என்பாள்.

மே மாதம். கண்ணுக்கு எட்டிய மட்டும் பச்சைக் கோதுமை மேடும் பள்ளமுமாகக் கிடந்தது. நடுவில் வெள்ளைச் சரளைப் பாதை ஏறுவதும் இறங்குவதுமாகப் போனது. ஒவ்வொரு மேட்டின் தலையிலும் கல்லால் கட்டிய ஒரு பழைய ஊர்.

ஏற்றங்களில் செண்பகவல்லி பிரிட்டோவை முந்திப் போனாள். இறக்கம் வந்தால் இறங்கிக்கொண்டாள். அப்போதெல்லாம் பிரிட்டோவும் இறங்கித் தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு கூடவே நடந்தார். நீங்கள் ஓட்டிக்கொண்டு போங்கள், எனக்குக் கூச்சமாக இருக்கிறது என்று அவள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். தனக்கும் கால் வலிக்கிறது என்று சொல்லிவிட்டு அவர் நடந்துகொண்டே இருந்தார்.

அவர் சொல்லிக்கொடுக்காதது எதுவும் இல்லை. சக்கரத்தைப் பார்க்காமல் தூரத்தைப் பார்க்க வேண்டும், உடம்பைப் பின்னால் சாய்க்க வேண்டும், கையைத் தளர்த்த வேண்டும். அவளுக்கு எல்லாம் மனப்பாடம். கேட்டால் இன்னொருவருக்குக் கற்றுத் தருவாள்.

இரண்டாம் நாள் சாயங்காலம், ஓர் ஊரின் சின்ன உணவுக் கடையில் உட்கார்ந்திருந்தபோது கேட்டாள்.

"இந்தப் பயம் எப்ப மாஸ்டர் போகும்?"

பிரிட்டோ ரொட்டித் துண்டில் தக்காளியைத் தேய்த்து, ஆலிவ் எண்ணெயை ஊற்றி, தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

"சாப்பிடுங்கக்கா. நாளைக்குப் பெரிய ஏத்தம் இருக்கு."

அந்த ஏற்றத்தின் உச்சியில் இருந்த ஊர்தான் தோரெபார்தா. பாதை மலையைச் சுற்றிச் சுற்றி மேலே போனது. பாதி வழியில் பிரிட்டோ பின்தங்கினார். எனக்காக நிற்காதீர்கள், ஊர் நடுவில் ஒரு நீரூற்று இருக்கும், அங்கே இருங்கள், வந்துவிடுகிறேன் என்று சொல்லிக் கையைக் காட்டினார். அவள் போனாள்.

கல் வளைவு வாசலைத் தாண்டி ஊருக்குள் நுழைந்தாள். ஒரு மாட்டு வண்டி போகும் அகலத்தில் தெரு. கோயில் மணிக் கோபுரத்தின் மேல் நாரைகள் கூடு கட்டியிருந்தன. முகத்தைக் கழுவி, பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு ஊற்றுத் திட்டில் உட்கார்ந்தாள். எதிர்வீட்டு பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண் தலையாட்டிச் சிரித்தாள். இவளும் சிரித்தாள்.

வியர்வை காய்ந்தது. உடம்பு குளிர ஆரம்பித்தது. பிரிட்டோ வரவில்லை.

போட்டோ எடுத்துக்கொண்டு நிற்பார் என்று நினைத்தாள். சக்கரத்தில் காற்று இறங்கியிருக்கும் என்று நினைத்தாள். போனில் சிக்னல் இல்லை. எழுந்து, கோயிலுக்குப் பக்கத்தில் ஊர் மதில் தாழ்வாக இருந்த இடத்துக்குப் போனாள். அங்கிருந்து பாதை முழுவதும் தெரிந்தது.

கீழே, இரண்டாவது வளைவில், பாதையின் குறுக்கே பிரிட்டோவின் சிவப்பு சைக்கிள் விழுந்து கிடந்தது. ஆளைக் காணோம்.

தலை, கழுத்து, முதுகுத்தண்டு என்று டாக்டராகத்தான் அவள் மனம் முதலில் ஓடியது. அதற்கப்புறம் எதுவும் ஓடவில்லை. திரும்பி வந்து சைக்கிளை எடுத்தாள். பால்கனிப் பெண்ணைப் பார்த்துக் கீழே கையைக் காட்டி, விழுந்துவிட்டார் என்று சைகையில் சொன்னாள். அவளுக்குப் புரிந்ததா என்று பார்க்க நிற்கவில்லை. வளைவு வாசலைத் தாண்டியதும் பாதை சரிந்தது. செண்பகவல்லி சைக்கிளைவிட்டு இறங்கவில்லை.

சரளை சக்கரத்துக்கு அடியில் நறநறத்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. முதல் வளைவில் பின்சக்கரம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனபோது, சிறுமலையில் ஆன மாதிரியே உடம்பு சில்லிட்டது. ஒரு கால் தானாகத் தரைக்குப் போய்க் கல்லில் உரசியது. அதை மறுபடி பெடலில் வைத்தாள். கைகள் நடுங்கின. நடுங்கிய கைகளாலேயே பிடித்துக்கொண்டாள். சிவப்பு சைக்கிளைத் தவிர வேறு எதையும் அவள் பார்க்கவில்லை.

அதன் பக்கத்தில் வந்து நின்றபோது குரல் எழும்பவில்லை. இரண்டாம் தடவைதான் எழும்பியது.

"தம்பி! பிரிட்டோ தம்பி!"

"இங்கக்கா. கீழ."

பாதையோரப் புல்லுக்கு அப்பால் ஒரு சிமென்ட் வாய்க்கால் ஓடியது. ஆழமான வாய்க்கால், செங்குத்தான சுவர். பிரிட்டோ இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையாலும் ஒரு செம்மறி ஆட்டைக் கட்டிப் பிடித்திருந்தார். ரோமம் முழுக்க நனைந்து ஆடு கல்லாகக் கனத்தது. விட்டால் அதன் தலை தண்ணீருக்குள் போய்விடும். தூக்கி மேலே விட ஒற்றை ஆளால் முடியாது. போனோ சைக்கிள் பையில். அப்படியே நின்றுவிட்டார்.

"அடி பட்டிருக்கா?"

"இல்லக்கா. சும்மா தண்ணியைக் குடிச்சிருக்கு."

"ஆட்டைக் கேக்கல."

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா. அதோட முன்னங்காலைக் கொஞ்சம் பிடிங்க."

செண்பகவல்லி கரையில் குப்புறப் படுத்துக் கையை நீட்டினாள். அவள் மேலிருந்து இழுக்க, அவர் கீழிருந்து தள்ளினார். இரண்டு தடவை வழுக்கி உள்ளேயே விழுந்தது. மூன்றாம் தடவை ஆடும் அவளும் சேர்ந்து புல்லில் உருண்டார்கள். ஆடு எழுந்து நின்று, உடம்பை ஒரு உதறு உதறி அவள் முகமெல்லாம் தண்ணீர் அடித்துவிட்டு, தூரத்தில் மேய்ந்துகொண்டிருந்த மந்தையைப் பார்த்து நடந்தது.

பிரிட்டோ அவள் கையைப் பிடித்து மேலே ஏறினார். அவரை உட்காரவைத்து, கண்ணைப் பார்த்தாள், கழுத்தைத் தொட்டாள், விலா எலும்புகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டிருக்கும்போதே சிரிப்பும் வந்தது. பிரிட்டோ சட்டையைக் கழற்றிப் பிழிந்தார்.

"சைக்கிளை நடுரோட்டுல இப்படிப் போட்டுட்டா போவாங்க?" என்றாள் கடைசியில்.

"தப்புதான்க்கா."

மேலிருந்து ஒரு பழைய வேன் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. ஓட்டி வந்தவர் பக்கத்து வீட்டுக்காரராக இருக்க வேண்டும். முன் இருக்கையில், மடியில் முதலுதவிப் பெட்டியோடு பால்கனிப் பெண். முழுசாக நிற்கும் பிரிட்டோவைப் பார்த்ததும் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். பிறகு இறங்கி வந்து ஸ்பானிஷில் அவரை நன்றாகத் திட்டினாள். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். இரண்டு பேரும் சாப்பிட வீட்டுக்கு வர வேண்டும், அதற்கு மறுபேச்சு கிடையாது என்று அவள் சொன்னதாக செண்பகவல்லியிடம் சொன்னார்.

வேனில் ஏற மாட்டேன் என்று செண்பகவல்லி சொல்லிவிட்டாள். சைக்கிளிலேயே ஏறினாள். அப்போதுதான் பாதையை நிமிர்ந்து பார்த்தாள். இவ்வளவு செங்குத்திலா ஓட்டிக்கொண்டு வந்தேன் என்று இருந்தது. உடம்பு பஞ்சு மாதிரி ஆகியிருந்தது. ஏற்றம் ஏற்றமாகவே தெரியவில்லை. ஈரச் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பிரிட்டோ பின்னாலேயே ஓட்டி வந்தார்.

அந்தப் பெண்ணின் வீட்டுச் சமையலறையில் பூண்டும் ரொட்டியும் போட்ட சூப் கொடுத்தார்கள். ஆவி பறக்க இரண்டு கிண்ணம் குடித்தாள். மதுரையிலிருந்து கிளம்பிய பிறகு அன்றைக்குத்தான் அவள் வயிறு நிறையச் சாப்பிட்டாள். பிரிட்டோவின் சட்டை அடுப்புக்குப் பக்கத்தில் காய்ந்தது.

வெயில் சாயத் தொடங்கியபோது ஊரின் மறுபக்கத்து வாசல் வழியாக வெளியே வந்தார்கள். இரவு தங்க வேண்டிய ஊர் பள்ளத்தாக்குக்கு அப்பால் இருந்தது. பாதாம் தோப்புகளுக்கு நடுவே சரளைப் பாதை நேராகக் கீழே இறங்கியது.

செண்பகவல்லி சந்தோஷமாகத்தான் வந்தாள். விளிம்புக்கு வந்ததும் தொண்டை வறண்டது. கைகள் பிரேக்கை இறுக்கின. ஒரு காலை ஊன்றி நின்றுவிட்டாள்.

பிரிட்டோ பக்கத்தில் வந்து நின்றார்.

"மாஸ்டர்."

"சொல்லுங்கக்கா."

"போயிடுச்சுன்னு நினைச்சேன். திரும்ப வந்துடுச்சு."

அவர் கீழே போகும் பாதையைப் பார்த்தார்.

"என்னைத் தேடி வந்தீங்களே, அப்ப அது இல்லையா?"

அவள் யோசித்தாள். ஒட்டிக்கொண்ட நாக்கு, கல்லில் உரசிய கால், நடுங்கிய கை.

"இருந்துச்சு," என்றாள். "கீழ வர்ற வரைக்கும் இருந்துச்சு."

"அப்புறம் அது எங்கக்கா போச்சு, திரும்ப வர்றதுக்கு? உங்ககூடத்தான் இறங்குச்சு. உங்ககூடவே ஏறியும் வந்திருக்கு."

செண்பகவல்லி மறுபடி பாதையைப் பார்த்தாள். ஊன்றியிருந்த காலை எடுத்துப் பெடலில் வைத்தாள்.