மகுடம் சூடிய ஆட்டுக்கால் சாறு

ஆவுடையூரை உக்கிரசிங்க ராஜா ஆண்டபோது அவர் கால் கட்டைவிரலில் ஒரு புண் வந்தது. அவர் பெயரைக் கேட்டால் ஊரே நடுங்கும்; புண் மட்டும் நடுங்கவில்லை. அரண்மனை வைத்தியர் கனகசபைப் பண்டிதர் தங்கபஸ்மக் களிம்பை அப்பிக்கொண்டே இருந்தார். புண்ணும் பெருத்தது, பண்டிதரும் பெருத்தார்.

கடைசியில், "விரலை எடுத்துவிடலாம், பிரபு" என்றார் பண்டிதர்.

ராஜா அலறிவிட்டார். பக்கத்தில் நின்ற மந்திரியைப் பிடித்துக்கொண்டார். "நாகலிங்கம்! எந்த மருந்து புண்ணை அழுகவிடாது என்று நாளைக்குள் சோதித்துச் சொல். ஆனால் என் காலைத் தொடக் கூடாது. தப்பினால் உன் விரலில் ஒன்றுகூட மிஞ்சாது!"

நாகலிங்கம் பெரிய வாயாடி. அன்று வாயைவிடக் கால்மேல்தான் கவலை. குனிந்து தன் கால்விரல்களைப் பார்த்தான். ஒன்றைக்கூட விட மனம் வரவில்லை. 'அழுகுவதற்கு ராஜா கால்தான் வேண்டுமா? ஆட்டுக்கால் போதாதா?' என்று அரண்மனை மடைப்பள்ளிக்கு ஓடி, இரண்டு சட்டி ஆட்டுக்கால் சாறு வாங்கிவந்தான். ஒன்றில் குப்பைமேனி இலையும் மஞ்சளும் அரைத்துக் கலந்தான். மற்றதில் களிம்பைக் கலக்கச் சொல்லிப் பண்டிதரிடம் நீட்டினான்.

பண்டிதர் சீறினார். "என் களிம்பு ராஜ உடம்பில்தான் வேலை செய்யும். ஆட்டுக்கெல்லாம் செய்யாது!"

"அவ்வளவுதானே?"

ராஜாவிடம் அனுமதி வாங்கி, சட்டியைச் சிம்மாசனத்தில் ஏற்றினான். மகுடமும் வைத்தான். "மகாராஜா ஆட்டுக்கால் சாறு வருகிறார், பராக்!" என்று கட்டியக்காரன் கூவினான். உக்கிரசிங்கர் பக்கத்தில் ஒரு முக்காலியில் ஒடுங்கிக்கொண்டார். பண்டிதர் வேறு வழியில்லாமல் களிம்பைக் கரைத்துவிட்டார்.

மறுநாள் வெயில் ஏறியதும் சபையே மூக்கைப் பொத்தியது. குப்பைமேனிச் சட்டியோ கெடாமல் இருந்தது.

நாகலிங்கம் பணிவாகக் கேட்டான். "பண்டிதரே, மகாராஜா நாறுகிறாரா?"

நாறுகிறார் என்றால் ராஜநிந்தை, தலை போகும். பண்டிதர் மூக்கிலிருந்து கையை எடுத்தார். "சேச்சே, மணக்கிறார்."

"அப்படியானால் ஒரு கிண்ணம் பிரசாதம் குடியுங்கள்."

கிண்ணம் உதட்டுக்கு வந்ததும் பண்டிதர் அதைத் தள்ளிவிட்டார். எந்த ராஜா காலில் விழுவதென்று தெரியாமல் இருவருக்கும் நடுவில் விழுந்தார். "களிம்பு பொய், பிரபு! விரல் இருக்கட்டும்!"

உக்கிரசிங்கர் முக்காலி ஆடச் சிரித்தார். அப்போதே குப்பைமேனியை அரைத்துக் கட்டச் சொன்னார். "நாகலிங்கம், என்ன பரிசு வேண்டும்? கேள்!"

"பரிசு இருக்கட்டும், பிரபு. முதலில் அந்த மகாராஜாவைச் சாக்கடையில் கொட்ட உத்தரவு கொடுங்கள். அவர் ஆட்சியில் மூச்சுவிட முடியவில்லை!"