முழு ஆண்டும் குடியிருந்தீர்களா?

சங்கரபாண்டி மடிக்கணினியை மூடினார். ஓங்கி மூடத்தான் நினைத்தார். அதன் விலை நினைவுக்கு வந்து, கடைசி அங்குலத்தில் கை மெதுவானது. பிறகு மறுபடி திறந்தார்.

அந்த மலையடிவார மடத்தில் இணையம் எட்டிப் பார்க்கும் இடம் ஒன்றே ஒன்று. மாட்டுத் தொழுவத்தின் தென்கோடி. அங்கே கவிழ்த்துப் போட்ட தொட்டியில் உட்கார்ந்து, தான் இருபத்தேழு வருஷம் குடியிருந்த அமெரிக்க மாநிலத்துக்கு வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய மூன்று நாளாக முட்டி மோதிக்கொண்டிருந்தார். கெடு நாளை மறுநாள்.

"உங்க பெருமூச்சு சமையல்கட்டு வரைக்கும் கேக்குது" என்றபடி அகத்திக்கீரைக் கட்டோடு இசக்கியம்மாள் வந்தார். மடத்தின் குரு அவர்தான். வயது முப்பத்தொன்பது. சீடருக்கு அறுபத்தொன்று.

"வாங்க மாட்டேங்குது, அம்மா."

"எதை?"

"என்னை."

இசக்கியம்மாள் மாட்டுக்கு முன்னால் கீரையைப் பிரித்துப் போட்டார். "காரணம் சொல்லுதா?"

"சொல்லாம என்ன. ஆன்லைன்ல தாக்கல் பண்ணத் தகுதி இல்லையாம். வருமானம் ஒரு வரம்பைத் தாண்டக் கூடாதுன்னான், தாண்டலை. சொந்தத் தொழில் இருக்கக் கூடாதுன்னான், இல்லை. முந்தின வருஷம் தாக்கல் பண்ணியிருக்கணும்னான். இருபத்தேழு வருஷமும் பண்ணியிருக்கேன், ஒரு நாள் பிந்தினதில்லை. எல்லாம் தாண்டி வந்தா கடைசியில ஒரு கேள்வி. 'ஆண்டு முழுவதும் இந்த மாநிலத்தில் குடியிருந்தீர்களா?' இல்லைன்னு அழுத்தினா வாசலோட சரி. காகிதத்துல எழுதித் தபால்ல அனுப்புங்கன்னு துரத்துது. இங்கேயிருந்து தபால் போய்ச் சேர மூணு வாரம் ஆகும்."

"நீங்க இங்க வந்தது போன ஆனியிலல்லா. அப்ப இல்லைங்கதுதானே சரி?"

"அங்கதான் வினை. கீழே பொடி எழுத்துல ஒரு குறிப்பு வச்சிருக்கான்." மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, தமிழாக்கிப் படித்தார். "'வீட்டை விடாமல், திரும்பி வரும் எண்ணத்தோடு வெளியே போயிருப்பவர், ஆண்டு முழுவதும் குடியிருந்தவராகவே கொள்ளப்படுவார்.'"

"வீடு?"

"பூட்டிக் கிடக்கு. சாவி என்கிட்ட இருக்கு."

"எண்ணம்?"

சங்கரபாண்டி திரையைப் பார்த்தார். திரையில் ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள். மூன்றாவது கிடையாது.

"ஆமான்னு அழுத்தினா பத்து நிமிஷ வேலை, அம்மா. நெஞ்சைத் திறந்து பார்க்க எவனும் வரப் போறதில்லை."

"அழுத்த வேண்டியதுதானே?"

"அழுத்தினேன். உள்ளே விட்டுது. நான்தான் வெளியே வந்துட்டேன்."

"ஏன்?"

"பொய் மாதிரி இருந்துச்சு."

"சரி, இல்லைன்னு அழுத்துங்க. பிந்தினா பிந்துது."

"அதையும் அழுத்திப் பார்த்தேன்." அவர் குரல் இறங்கியது. "அதுவும் பொய் மாதிரிதான் இருந்துச்சு."

மாடு கீரைக் காம்பை நெறித்துத் தின்றது. இசக்கியம்மாள் சிதறிய கீரையை அதன் பக்கம் ஒதுக்கிக்கொண்டிருந்தார். அந்த நிதானம்தான் சங்கரபாண்டிக்குப் பொறுக்கவில்லை.

"அங்கயும் தகுதி இல்லை, இங்கயும் தகுதி இல்லை. வந்த புதுசுல மந்திர உபதேசம் கேட்டேன்; பார்ப்போம்னீங்க. தை மாசம் கேட்டேன், சித்திரை பிறக்கட்டும்னீங்க. நாளைக்குப் பிறக்குது. நாளைக்காவது உண்டா, இல்லையா? அவனாவது காரணத்தைப் பொடி எழுத்துலயாவது போட்டிருக்கான். நீங்க அதுவும் சொல்றதில்லை."

இசக்கியம்மாள் சிரித்துவிட்டார். பிறகு சமையல்கட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"ஆவுடை, இன்னைக்குச் சிரட்டையில எத்தனை?"

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. மதியம் சாப்பிட இருக்கும் விருந்தாளிகள் காலை எட்டு மணிக்குள், சமையல்கட்டு வாசலில் வைத்திருக்கும் தேங்காய்ச் சிரட்டையில் ஆளுக்கொரு புளியங்கொட்டை போட்டுவிட வேண்டும். அதை எண்ணித்தான் சமையல்காரர் ஆவுடையப்பன் அரிசியைக் கூட்டிப் போடுவார். மடத்தில் இருக்கும் பதினொரு பேர் கொட்டை போடுவதில்லை. அவர்களுக்கு உலை எப்போதும் உண்டு.

ஆவுடையப்பன் கரண்டியோடு வெளியே வந்தார். "ஏழு. விருதுநகர்லேர்ந்து வந்தவங்க ஆறு. ஒண்ணு நம்ம அண்ணாச்சி."

"தெனமும் போடுதியளா?" என்று இசக்கியம்மாள் கேட்டார்.

"ஒரு நாள் தவறினதில்லை" என்றார் சங்கரபாண்டி. அதிலும் அவருக்கு ஒரு பெருமை இருந்தது.

"யார் போடச் சொன்னா?"

"வந்த அன்னைக்கு ஆவுடைதான் சொன்னார்."

"வந்த அன்னைக்குச் சரி."

"நிறுத்துங்கன்னு யாரும் சொல்லலையே, அம்மா."

"எனக்கும் யாரும் சொல்லலை அண்ணாச்சி" என்றார் ஆவுடையப்பன். "நான் இங்க வந்தப்ப ஒம்பது நாள் போட்டேன். பத்தாம் நாள் ஏன் போடலைன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. உங்களுக்கு முந்நூறு தாண்டியிருக்கும். உங்க ஒருத்தருக்குக் கொட்டை எடுக்கவே நான் தெனமும் புளிக்குழம்பு வைக்க வேண்டியிருக்கு." சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

சங்கரபாண்டியின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. சாவி அங்கேதான் இருந்தது. எங்கே போகப் போகிறது. திரையில் கேள்வி அப்படியே நின்றது.

"இதுக்கு என்னன்னுதான் அழுத்தட்டும்? அதையாவது சொல்லுங்க."

"அது உங்களைத்தானே கேக்குது."

அவருக்குச் சட்டென்று ஒன்று பிடிபட்டதுபோல இருந்தது. தொட்டியிலிருந்து எழுந்தே விட்டார்.

"புரிஞ்சுது. நாளைக்குக் காலைல கொட்டை போடக் கூடாது. அவ்வளவுதானே?"

இசக்கியம்மாள் கீரை கட்டியிருந்த வாழைநாரைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"போடாம இருந்து பாருங்க. அதுவும் பொய் மாதிரி இருக்கான்னு எங்கிட்ட வந்து சொல்லுங்க."