நாலு பேட்டரி வைத்த மாப்பிள்ளை கார்

ஊருக்கு ஒரு முட்டாள் இருந்தால் போதும். புளியரம்பட்டிக்கு மூன்று பேர் வாய்த்தார்கள். மூவரும் சேர்ந்து ஒரு கார் செய்தார்கள்.

மாசானம்தான் அதற்குக் காரணம். பெண் பார்க்கப் போன இடத்தில் செண்பகவடிவு ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டாள். அந்த மயக்கத்தில், சொந்தமாகச் செய்த கரண்டு கார் தன்னிடம் இருப்பதாக அளந்துவிட்டான். பெண்ணின் அப்பா ஆவுடையப்பன் விடவில்லை. நிச்சயத்துக்கு அந்தக் காரிலேயே வந்து இறங்கட்டும், இல்லையென்றால் டிராக்டர் வைத்திருக்கும் மாப்பிள்ளை ஒருவன் காத்திருக்கிறான் என்றார். அன்றிலிருந்து மாசானத்துக்குச் சோறு இறங்கவில்லை.

கூட்டாளிகள் உலகுவும் பேச்சிமுத்துவும் கைகொடுத்தார்கள். பழைய ஆட்டோவின் கூடும் ஒரு மோட்டாரும் கிடைத்தன. பேட்டரிகள்தான் நாலு திசையிலிருந்து வந்தன. இன்வெர்ட்டரிலிருந்து புதுசு ஒன்று, பக்கத்து வீட்டு டிராக்டரிலிருந்து ஒன்று, பேச்சிமுத்துவின் மைக் செட்டிலிருந்து ஒன்று, பழைய இரும்புக் கடையில் கிடந்த பஸ் பேட்டரி ஒன்று. பேட்டரிக் கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். புதுசையும் பழசையும் கலந்து கோக்கக் கூடாது, நாலும் ஒண்ணு போல இருக்கணும், ஒன்று படுத்தால் எல்லாம் படுத்துவிடும் என்றார்.

அவ்வளவுதானே என்று நாலுக்கும் நீலப் பெயிண்ட் அடித்தார்கள். புதுசும் பழசும் கலந்துவிடாமல் நடுவே ஒரு துண்டையும் கட்டினார்கள்.

நிச்சயத்தன்று கார் கிளம்பத்தான் செய்தது. பெண் வீட்டு ஊர் எல்லையில், ஓடைப் பாலத்தில், முனகிக்கொண்டே நின்றுவிட்டது. பல்பு வைத்துப் பார்த்தார்கள். மூன்று பேட்டரியில் எரிந்தது, பஸ் பேட்டரியில் மட்டும் எரியவில்லை.

"சீக்காளியைப் போட்டு வேலை வாங்குனா பாவம்லா," என்றான் உலகு.

அதைக் கழற்றிப் பின்சீட்டில் படுக்க வைத்தார்கள். வயர் இரண்டும் அந்தரத்தில் தொங்கின. கார் அசையவில்லை. மூத்தவனை இறக்கிவிட்டதில் மற்ற மூன்றுக்கும் கோபம் என்று முடிவுகட்டி, திரும்ப மாட்டினார்கள். அப்போதும் அசையவில்லை. மாசானத்தின் கண்ணுக்குள் டிராக்டர்க்காரன் வந்து வந்து போனான். பாவம், அழுதே விட்டான்.

பேச்சிமுத்து பாலத்துச் சுவரில் உட்கார்ந்து யோசித்தான்.

"லே, நாலும் ஒண்ணு போல இருக்கணும்னுதான அவரு சொன்னாரு? செத்ததை நம்மால எழுப்ப முடியாது. மத்த மூணையும் இதுக்குச் சமமா ஆக்கிட்டா?"

இந்த மூளையை வைத்துக்கொண்டு இவன் ஏன் மைக் செட் கட்டுகிறான் என்று மாசானம் வியந்துபோனான். ஹெட்லைட்டையும் ஹாரனையும் அந்த மூன்றில் மாட்டினார்கள். பட்டப்பகலில் ஹெட்லைட்டைப் போட்டார்கள். ஹாரனை அமுக்கியபடியே இருந்தார்கள். ஹாரன் தொண்டை கட்டி ஓய்ந்தபின் பல்பு எதிலும் எரியவில்லை. மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

சத்தம் கேட்டு ஆவுடையப்பன் மகளையும் ஐயரையும் ஊரையும் கூட்டிக்கொண்டு வந்தார். கூடவே அவருடைய மூன்று மருமகன்களும் வந்தார்கள். அவரவர் தலைத் தீபாவளி விருந்துக்கு வந்தவர்கள், இன்னும் திரும்பிப் போகவில்லை. வந்ததும் புளியமரத்து நிழலில் படுத்துவிட்டார்கள்.

மாசானம் கடைக்காரர் சொன்னதையெல்லாம் ஒப்பித்தான். நாலிலும் பல்பு வைத்துக் காட்டினான். ஆவுடையப்பன் பேட்டரிகளைப் பார்த்தார், நிழலில் கிடந்த மருமகன்களைப் பார்த்தார், மாசானத்தைப் பார்த்தார். அவர் முகம் தெளிந்தது.

"நல்லவேளை மாப்ளே. அந்த டிராக்டர்க்காரன் ஓடியாடி உழைக்கிறவன். இந்த மூணோட கோத்திருந்தா அவனும்லா கெட்டிருப்பான். நீங்கதான் இதுகளுக்குச் சரியா வருவீக."

பாலத்திலேயே நிச்சயம் தொடங்கியது. மாப்பிள்ளை பெயரை ஐயர் கேட்டார். ஆவுடையப்பன் மூன்று மருமகன்களையும் சேர்த்து நாலு பேர் பெயரையும் வரிசையாகச் சொன்னார். ஐயர் வாயைப் பிளந்தார்.

"நாலையும் சேர்த்தே வாசியும் சாமி. ஒண்ணைத் தனியா கழட்டினா மத்த மூணும் ஓடாது."